லோ சுகர் வந்தால் மூளை எவ்வளவு நேரம் தாங்கும்?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, இன்சுலின் போடுகிறார். மதியச் சாப்பாடு தள்ளிப்போனால் பேச்சு குழறுகிறது, காரணமில்லாமல் கோபப்படுகிறார். மீட்டரில் 60 காட்டுகிறது. சோறு வேகும்வரை காத்திருக்கலாமா? உடம்பில் சேமிப்பு இருந்தும் மூளைக்கு ஏன் இந்த அவசரம்?

பதில்: காத்திருக்க வேண்டாம். முதலில் சர்க்கரைத் தண்ணீர், அப்புறம் சோறு.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. பெரும்பகுதியைச் செலவழிப்பவை நியூரான்கள் என்ற நரம்புச் செல்கள். அவற்றின் கையிருப்போ கிட்டத்தட்ட பூஜ்யம், சரியான அன்றாடங்காய்ச்சிகள். மூளையின் சின்ன நெற்குதிர் இருப்பது பக்கத்திலுள்ள ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்களில். ஒரு காலத்தில் இவற்றை வெறும் ஒட்டுப்பசை என்றே நினைத்தார்கள். உண்மையில் ஆஸ்ட்ரோசைட் தன் கிளைகளில் சிலவற்றால் ரத்தக் குழாயைத் தழுவிக்கொள்கிறது. வேறு சிலவற்றால் நியூரான்கள் சந்திக்கும் இடங்களைச் சூழ்கிறது. ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்து, ஒரு பகுதியைக் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு வடிவத்தில் சேர்த்துவைக்கிறது. தட்டுப்பாடு வந்தால் அதை உடைத்து லாக்டேட் என்ற எரிபொருளாக்கி நியூரானுக்குக் கொடுக்கிறது. சாதாரண நேரத்திலும் நியூரான் லாக்டேட்டை எவ்வளவு நம்பியிருக்கிறது என்று 1994 முதல் விவாதம் நடக்கிறது. தட்டுப்பாட்டில் அது கைகொடுப்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு: சுண்டெலியின் பார்வை நரம்புக்கு ஆய்வகத்தில் குளுக்கோஸை அடியோடு நிறுத்திய பிறகும் சுமார் 20 நிமிடம் அது வேலை செய்தது.

அவ்வளவுதான் அந்தக் குதிரின் கொள்ளளவு. நிமிடக் கணக்கு. கல்லீரலில் 100 கிராம் அளவுக்குக் கிளைக்கோஜன் இருக்கிறதே என்றால், ஊசியில் போன இன்சுலின் அதை வெளியே விடாமல் அமுக்கிவிடும். கொழுப்பிலிருந்து மூளையின் மாற்று எரிபொருளான கீட்டோன் உருவாவதையும் அது தடுக்கும்.

அதனால்தான் அப்பாவின் கோபம். தயவுசெய்து அதைக் குணக்கோளாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்தில் அவர் மூளை பட்டினி கிடக்கிறது.

மீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரை, தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் குளுக்கோஸ் பவுடர்தான் சரி. அந்த மாத்திரைகளால் வீட்டுச் சர்க்கரை குடலில் மெதுவாகத்தான் உடையும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆம்புலன்ஸ். சர்க்கரை சரியான பிறகும் குழறல் நீடித்தாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ பக்கவாதமாக இருக்கலாம், அதற்கும் தாமதிக்காதீர்கள்.

இன்னொன்று எனக்குக் கவலை தருகிறது. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அடிக்கடி சர்க்கரை இறங்குபவர்களுக்கு இந்த எச்சரிக்கைகள் மங்கி, நேராகக் குழப்பத்தில் போய் நிற்கும். சில வாரங்கள் இறங்காமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு அந்த அறிகுறிகள் திரும்ப வரும். சர்க்கரை இறங்கிய நாள், நேரம், மீட்டர் அளவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். இன்சுலின் அளவையோ போடும் வேளையையோ அவர் மாற்ற வேண்டியிருக்கலாம்.