'ககூர்கோஸ்' என்றால் யார்? பழைய கிரேக்கத்தின் குற்றவாளிப் பெயர்கள்: கேள்வி பதில்

கேள்வி: திருடன், கொலைகாரன் எல்லோரையும் கிரேக்கர்கள் 'ககூர்கோஸ்' என்றுதான் சொன்னார்களா?

பதில்: பேச்சில் அப்படிச் சொல்லலாம். 'ககோஸ்' தீயது, 'எர்கோன்' செயல். ஆக, தீச்செயல் செய்பவன். ஆனால் ஏதென்ஸ் சட்டத்தில் அது ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கான பெயர்: திருடன், உடுப்பைப் பறிப்பவன், சுதந்திரமான ஆளைக் கடத்தி அடிமையாக விற்பவன், முடிச்சவிழ்ப்பவன், கன்னம் வைப்பவன். கடைசி ஆளுக்கு 'தொய்கோரூகோஸ்' என்று பெயர், சுவரைத் தோண்டுகிறவன். அங்கே வீட்டுச் சுவர்கள் பெரும்பாலும் சுடாத மண்கல்லில் கட்டியவை, அதனால் தோண்டுவது சுலபம். இவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தால் 'பதினொருவர்' என்ற சிறை அதிகாரிகளிடம் இழுத்துப் போகலாம். ஒப்புக்கொண்டால் விசாரணை இல்லாமலே மரணம். மறுத்தால்தான் நீதிமன்றம்.

கேள்வி: நான் சட்டம் படிக்கிறேன். அப்படியானால் கொலைகாரன் இந்தப் பட்டியலில் இல்லையா, ஐயா?

பதில்: இல்லை. இதை வைத்தே ஒரு வழக்கில் பெரிய வாதம் நடந்திருக்கிறது, அவசியம் படியுங்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில், ஹெரோதேஸ் என்பவரைக் கொன்றதாக மித்திலேனே ஊர்க்காரர் ஒருவரை ககூர்கோஸ் சட்டத்தில் பிடித்து அடைத்தார்கள். அவருக்காக வாதத்தை எழுதிக் கொடுத்தவர் ஆந்திபோன். 'இந்தச் சட்டம் திருடர்களுக்கும் உடுப்புப் பறிப்பவர்களுக்கும் உரியது. என் மேல் சுமத்தியிருப்பது கொலை. அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறதே!' என்பதுதான் அதன் சாரம். கொலை வழக்கைத் திறந்த வெளியில்தான் விசாரிப்பார்கள். கொலைகாரனோடு ஒரே கூரையின் கீழ் இருந்தால் நீதிபதிகளையும் தீட்டு பற்றும் என்று நம்பினார்கள். எந்தப் பெயரில் பிடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஜாமீன், நீதிமன்றம், தண்டனை எல்லாமே மாறிவிடும். அதனால்தான் இந்தச் சொற்களை வெறும் வசவாகப் படிக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கேள்வி: ஆங்கிலத்தில் 'சிகோஃபன்ட்' என்றால் ஜால்ரா போடுபவன். கிரேக்கத்திலும் அதேதானா?

பதில்: இல்லை. 'சூக்கொபாந்தேஸ்' என்பவன் பணத்துக்காகவும் மிரட்டலுக்காகவும் வழக்குப் போடுபவன். ஏதென்ஸில் அரசு வழக்கறிஞர் கிடையாது. பொது வழக்கை எந்தக் குடிமகனும் தொடுக்கலாம். சில வழக்குகளில் ஜெயித்தால் அபராதத்தில் பாதி அவனுக்கே வரும். அப்புறம் கேட்கவா வேண்டும்! இதைத் தடுக்கத்தான், பொது வழக்குப் போட்டவனுக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்காவது விழாவிட்டால் 1,000 திராக்மா அபராதம் என்று வைத்தார்கள். சொல்லுக்கு நேர்ப்பொருள் 'அத்திப்பழம் காட்டுபவன்'. அத்திப்பழ ஏற்றுமதியைக் காட்டிக்கொடுத்தவனால் வந்த பெயர் என்று பழைய ஆசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது பின்னால் கட்டிய கதையாகவே படுகிறது.

கேள்வி: இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட இருவரை மத்தேயு 'கள்ளர்' என்கிறார், லூக்கா 'குற்றவாளிகள்' என்கிறார். தமிழில் வந்த வேறுபாடா?

பதில்: மூலத்திலேயே அப்படித்தான். லூக்காவில் ககூர்கோஸ், இங்கே பொதுப் பொருளில். மத்தேயுவிலும் மாற்கிலும் 'லேஸ்தேஸ்'. இவன் ஒளிந்து திருடுபவன் அல்ல, அவனுக்குக் 'கிளெப்தேஸ்' என்று வேறு சொல் உண்டு. லேஸ்தேஸ் ஆயுதத்தோடு வரும் கொள்ளைக்காரன். ரோமரை எதிர்த்த யூதக் கலகக்காரர்களையும் வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் இதே சொல்லால் குறிக்கிறார். இயேசுவுக்குப் பதிலாக விடுதலை பெற்ற கைதி பரபாசை யோவான் லேஸ்தேஸ் என்கிறார். மாற்கு அவனைக் கலகத்தில் கொலை செய்தவர்களோடு சிறையில் இருந்தவன் என்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள்.