நானோகுழாய் கலந்தும் பலம் கூடவில்லையே?

கேள்வி: எபாக்ஸி பிசினில் எடைக்கு 1 சதவீதம் கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்) சேர்த்து, ஒரு மணி நேரம் சோனிகேட்டரில் (மீயொலியால் கலக்கும் கருவி) கலக்கி வார்த்தேன். இழுத்துப் பார்த்தால் வெறும் எபாக்ஸியை விடச் சீக்கிரம் உடைகிறது. வாங்கிய குழாய் தரமில்லாததா?

பதில்: குழாயைக் குறை சொல்லும் முன் உடைந்த முகத்தை நுண்ணோக்கியில் பாருங்கள். விரிசல் கிளம்பிய இடத்தில் கறுப்புத் திட்டு இருந்தால் அதுதான் காரணம். வான்டெர்வால்ஸ் ஈர்ப்பால், அதாவது மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பால், நானோகுழாய்கள் நூல்பந்து போலச் சிக்கிக்கொள்ளும். பந்துக்குள் ரெசின் (கெட்டிப்படாத எபாக்ஸி) நுழையாது. சுமை ஏறும்போது அது ஓட்டைக்குச் சமம். 1 சதவீதத்தில் கலவை கூழ் மாதிரி ஆகிவிடுவதால் காற்றுக்குமிழியும் உள்ளேயே தங்கிவிடும். விடாமல் ஒரு மணி நேரம் சோனிகேட்டர் ஓட்டியதும் தவறு. அது குழாய்களைத் துண்டு துண்டாக்கும், ரெசினையும் சூடாக்கும்.

0.3 சதவீதத்தில் தொடங்குங்கள். தூளை எடைபோடும்போது முகக்கவசமும் ஃபியூம் ஹூடும் (காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) கட்டாயம். ஹார்டனர் (கெட்டிப்படுத்தும் திரவம்) சேர்க்காத ரெசினில் கலந்து, மூன்று உருளை மில்லில் இடைவெளியை 50 மைக்ரோமீட்டரிலிருந்து 5 வரை படிப்படியாகக் குறைத்துப் பல முறை ஓட்டுங்கள். மில் இல்லையென்றால், பாத்திரத்தை ஐஸில் வைத்து விட்டு விட்டு சோனிகேட் செய்யலாம். ஒரு சொட்டை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நசுக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெறுங்கண்ணுக்கே புள்ளி தெரிந்தால் இன்னும் பிரியவில்லை. ஹார்டனரைப் பிறகு சேர்த்து, கெட்டிப்படத் தொடங்கும் முன் வெற்றிடத்தில் குமிழியை எடுத்துவிடுங்கள்.

எதிர்பார்ப்பையும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். குழாயின் மீள்மை எண் (விறைப்பின் அளவு) சுமார் 1000 ஜிகாபாஸ்கல், எபாக்ஸிக்கு சுமார் 3. எடையில் 0.3 சதவீதம் என்பது கன அளவில் ஏறக்குறைய 0.2 சதவீதம்தான். எல்லாம் ஒரே திசையில் நேராக நின்றால் 2 ஜிகாபாஸ்கல் கூடும். எல்லாத் திசையிலும் சிதறிக் கிடந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு. குழாய்கள் வளைந்தும் நெளிந்தும் கிடப்பதால் அதுவும் குறையும். ஆக, விறைப்பில் 10 சதவீத உயர்வு வந்தாலே நல்ல வார்ப்பு.

கேள்வி: நானோகுழாய் ரெசினில் செய்த கண்ணாடி இழைத் தகட்டையே சென்சாராகப் பயன்படுத்துகிறேன். சுமையே இல்லாதபோதும் மின்தடை அலைகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் இணைப்பில்தான் கோளாறு. இரண்டு கம்பியில் அளந்தால் தொடுமுனைத் தடையும் சேர்ந்தே வரும். மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, சில்வர் பெயின்ட்டில் நான்கு பட்டைகள் இடுங்கள். வெளி இரண்டில் மின்னோட்டம், உள் இரண்டில் மின்னழுத்தம். மின்னோட்டம் அதிகமானால் தகடே சூடாகி அளவு நகரும். வெப்பத்தையும் ஈரத்தையும் கழிக்க, அதே அடுக்கில் செய்த சுமையில்லாத துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து வீட்ஸ்டோன் பாலத்தின் (தடைகளை ஒப்பிட்டு அளக்கும் மின்சுற்று) மறு கரமாக்குங்கள்.

அடுத்தடுத்த குழாய்களுக்கு நடுவே சில நானோமீட்டர் இடைவெளியை எலக்ட்ரான்கள் ஊடுருவித் தாண்டுகின்றன. இடைவெளி சிறிது விரிந்தாலும் தடை மளமளவென்று ஏறும். சுமையை எடுத்ததும் தடை திரும்பி வந்தால் அது திரிபு, அதாவது தகடு சற்று நீண்டதன் விளைவு. சில சுற்றுகள் ஏற்றி இறக்கிய பிறகும் திரும்பாமல் நின்றுவிட்டால் விரிசலைத் தேடுங்கள்.

கேள்வி: நானோகுழாய்களைத் தடிமன் வாக்கில் வெவ்வேறு விதமாகப் பரப்பிய தகடுகளின் அதிர்வைக் கணக்கிடுகிறேன். ஒரே அளவு குழாய்தான். ஆனால் எக்ஸ் வடிவப் பரவலுக்கு மட்டும் இயல்பு அதிர்வெண் கூடுகிறதே?

பதில்: வளைவில் மேல், கீழ் பரப்புகள்தான் அதிகம் இழுபடும், நசுங்கும். எக்ஸ் பரவல் குழாய்களை அங்கே குவிக்கிறது; ஓ பரவல் வேலையே இல்லாத நடுத்தளத்தில் குவிக்கிறது. தடிமன் நீளத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டினால் மெல்லிய தகட்டுக் கோட்பாடு அதிர்வெண்ணைக் கூட்டியே காட்டும்; அங்கே வெட்டுத் திரிபையும் (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சரிவதால் வரும் உருமாற்றம்) கணக்கில் சேருங்கள்.