ஓட்டமும் பாலாடையும்

அன்புள்ள ஐயா,

பிறவி இருதயக் குறைபாடுள்ள குழந்தைகளின் சிகிச்சைக்கு நிதி திரட்டுவதற்காக, நண்பர்கள் நால்வருடன் வரும் டிசம்பரில் 42 கிலோமீட்டர் ஓடலாம் என்றிருக்கிறேன். "கொடுப்பதென்றால் நேராகக் கொண்டுபோய்க் கொடுங்கள், ஊர் பார்க்க எதற்கு ஓட்டம்?" என்கிறார் என் மாமனார். அரசுக் காப்பீட்டிலேயே அறுவை சிகிச்சை நடக்கும்போது நாங்கள் திரட்டும் பணத்துக்கு என்ன தேவை என்ற குழப்பம் எனக்கும் இருக்கிறது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

மாமனாரின் கேள்விக்கு விடை எளிது. நேராகக் கொடுத்தால் உங்கள் பையில் இருப்பது மட்டும்தான் போகும். ஓடினால், வேறு சமயத்தில் வாய்விட்டுக் கேட்கக் கூசுகிற நூறு பேரிடம் கேட்க ஒரு முகாந்திரம் கிடைக்கிறது. புற்றுநோய்க்கு ஒரு காலைக் கொடுத்த டெர்ரி ஃபாக்ஸ் 1980-இல் செயற்கைக் காலுடன் கனடாவின் குறுக்கே ஓடியபோது நாட்டு மக்களிடம் கேட்டது ஆளுக்கு ஒரு டாலர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் 143 நாட்களில், 5,373 கிலோமீட்டரோடு அவர் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனால் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அந்த ஆளுக்கு ஒரு டாலர் சேர்ந்துவிட்டது.

உங்கள் குழப்பம்தான் விரிவாகப் பேச வேண்டியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இருதய அறுவை சிகிச்சைகளும் அடங்கும் என்பது உண்மை. ஆனால் அந்த அட்டை பயன்படுவதற்கு முன், குழந்தைக்கு இருப்பது இருதய நோய் என்பது யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

என் தங்கை மகளுக்கு நான்கு மாதம் இருக்கும்போது நான் ஊருக்குப் போயிருந்தேன். குழந்தை இரண்டு வாய் பால் குடிக்கும், விட்டுவிடும், மூச்சு வாங்கும், மறுபடி குடிக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே மடியில் கிடந்தபோதும் நெற்றி முத்து முத்தாக வியர்த்தது. சப்பிக் குடிக்கத் தெம்பில்லை என்று என் அம்மா பாலாடையில் புகட்டிக்கொண்டிருந்தார். எடை ஏறவில்லை. மூன்று முறை சளிக்கு மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவர் ஒரு முறைகூட ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் நிதானமாக வைத்துக் கேட்கவில்லை என்பது எங்கள் மனத்தாங்கல். பிற்பாடு எக்கோ என்ற இருதய ஸ்கேன் பார்த்த மருத்துவர் சொன்னார்: கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் தேகப் பயிற்சி, பெரியவர்கள் மாடி ஏறினால் இரைப்பதைப் போல அதற்குப் பால் குடித்தால் இரைக்கும். இருதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை. நுரையீரலுக்கு அளவுக்கு மீறி ரத்தம் பாய்ந்துகொண்டிருந்தது.

பெரிய ஓட்டையை அடைக்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால், அந்த அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி நுரையீரலின் ரத்தக் குழாய்கள் தடித்துப் போகும். பிறகு ரத்தம் எதிர்த்திசையில் திரும்பி, குழந்தை நீலம் பூக்கும். அந்தக் கட்டத்துக்குப் போனபின் ஓட்டையை அடைப்பதே ஆபத்து என்று கைவிட்டுவிடுவார்கள். ஆகவே இந்த நோயில் பணத்தைக் காட்டிலும் காலம்தான் முதலில் தீர்ந்துபோகிறது. உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்கு ஏதோ ஒரு பிறவி இருதயக் குறை இருக்கிறது. எல்லாமே கத்தி வைக்க வேண்டியவை அல்ல. சின்ன ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்கின்றன. எது மூடும், எது மூடாது என்று பார்த்துச் சொல்லக் குழந்தை இருதய மருத்துவர் வேண்டும். அவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள்.

கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி, இப்போது அலமாரியில் கிடக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் குழந்தை வடிவம் ஒன்று உண்டு. பிறந்து 24 மணி நேரம் கழித்து அதை வலது கையிலும் ஒரு காலிலும் மாட்டிப் பார்த்தால், நீலம் பூக்கும் வகைக் கடுமையான குறைகள் பலவற்றை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே சந்தேகித்துவிடலாம். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, கைக்கும் காலுக்கும் 3-க்கு மேல் வித்தியாசம் தெரிந்தாலோ மறுபடி பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே போனால் காத்திருக்கவே கூடாது. என் தங்கை மகளுக்கு இருந்ததைப் போன்ற ஓட்டை இதில் சிக்காது. அதற்குப் பால் கொடுப்பவரின் கண்ணும், பொறுமையாக நெஞ்சைக் கேட்கும் காதும்தான் வழி.

ஆகவே, அறுவை சிகிச்சைக்கு என்று பொதுவாகப் பணம் வாங்கும் அமைப்பைவிட, கிராமத்துச் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, எக்கோ முகாம் நடத்துவது, சிகிச்சைக்கு வரும் தாய்க்கு மூன்று வார இழந்த கூலியும் தங்குமிடமும் தருவது, பிறகு ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வரப் பயணச் செலவு கொடுப்பது போன்றவற்றைச் செய்யும் அமைப்பாகத் தேடுங்கள். தணிக்கைக் கணக்கைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த இடம் பாருங்கள். டி-ஷர்ட்டுக்கும் பதக்கத்துக்கும் ஆகும் செலவைத் திரட்டிய பணத்திலிருந்து எடுக்காமல் நீங்கள் ஐவரே ஏற்றுக்கொள்ளுங்கள். சட்டையில் நோயாளிக் குழந்தையின் படத்தை மட்டும் போட வேண்டாம். அது வளர்ந்து பள்ளிக்குப் போகப்போகிற பிள்ளை.

என் தங்கை மகளுக்குப் பதினோராவது மாதத்தில் ஓட்டையை அடைத்தார்கள். இப்போது எட்டாம் வகுப்பு. தாராளமாக ஓடலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகும், விளையாட்டு வகுப்பில் அவளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். மற்ற பிள்ளைகளின் செருப்புகளுக்கு அவள்தான் காவல். உங்கள் ஓட்டத்தோடு 5 கிலோமீட்டர் பிரிவு ஏதேனும் இருந்தால் தெரிவியுங்கள். அவள் பெயரைக் கொடுக்க வேண்டும்.