குரங்கு விரட்டும் நீர்பீச்சியின் தலை நடுங்குகிறது, என்ன செய்வது?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறோம். கொல்லையில் போடும் காய்கறி எல்லாம் குரங்குக்கே போகிறது. கணினி, கேமரா வழியாகக் குரங்கைக் கண்டுகொண்டு, அந்தப் பக்கம் திரும்பித் தண்ணீர் பீச்சும் கருவியை நானும் மகளும் செய்துவருகிறோம். எம்ஜி 996ஆர் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) இரண்டு, அவற்றுக்குக் கட்டளையிடும் ஆர்டுயினோ யூனோ என்ற சிறு மின்னணுப் பலகை ஒன்று. ஒரு சர்வோவை மட்டும் மாட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. இரண்டையும் மாட்டினால் தலை நடுங்குகிறது. பலகை அணைந்து மறுபடி தொடங்குகிறது. நிரலில் பிழையா?

பதில்: நிரலில் கை வைக்காதீர்கள். பலகை அணைந்து தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே விடையைச் சொல்லிவிடுகிறது. மின்சாரம் போதவில்லை. கணினியின் யூஎஸ்பி வழியே வருவதை 500 மில்லிஆம்பியரோடு நிறுத்தும் காப்பு உருகி யூனோவில் உண்டு. உங்கள் சர்வோ ஒன்றே, சுமையில் திணறும்போது ஏறக்குறைய 2.5 ஆம்பியர் கேட்கும்.

சர்வோக்களுக்கென்று 6 வோல்ட், 5 ஆம்பியருக்குக் குறையாத தனி மின்வழங்கி வாங்குங்கள். சிவப்புக் கம்பிகள் இரண்டும் அதன் நேர்முனைக்குப் போகட்டும். பலகையின் 5 வோல்ட் முனையோடு அவற்றுக்குத் தொடர்பே கூடாது. பழுப்புக் கம்பிகள் எதிர்முனைக்கு. அங்கிருந்து இன்னொரு கம்பியைப் பலகையின் கிரவுண்டுக்கும் (GND என்ற எதிர்முனை) இழுத்துவிடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஆரஞ்சுக் கம்பியில் 20 மில்லிநொடிக்கு ஒரு முறை வரும் துடிப்பின் அகலத்தைப் பார்த்தே சர்வோ தன் கோணத்தை அறிகிறது; 1.5 மில்லிநொடி என்றால் நடுநிலை. கிரவுண்டு பொதுவாக இல்லாவிட்டால் அந்தத் துடிப்பை எதிலிருந்து அளப்பது? சர்வோக்களுக்கு அருகே 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் முனை மாறாமல் போடுங்கள். மாற்றிப் போட்டால் வெடிக்கக்கூடும். பிரெட்போர்டு (பற்றவைக்காமல் கம்பிகளைச் செருகும் துளைப் பலகை) வழியாக இவ்வளவு மின்னோட்டத்தை விடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். திருகு இணைப்பி மலிவானதுதான்.

அதன் பிறகும் நடுங்கினால் குறை கட்டுமானத்தில். தலையின் முழு எடையும், அதைப் பக்கவாட்டில் திருப்பும் கீழ்ச் சர்வோவின் அச்சில் உட்காரக் கூடாது. திரிகையின் மேற்கல் போல அகலமான பேரிங் தட்டின் மேல் அமர வேண்டும், சர்வோ திருப்ப மட்டுமே செய்ய வேண்டும். மேலும் கீழும் சாய்க்கும் மேல் சர்வோவில், பீச்சும் குழாயின் எடை அச்சுக்கு இரு பக்கமும் சமமாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாய் விறைப்பாக இருந்தாலும் தலையைப் பிடித்து இழுக்கும். சர்வோவின் அச்சில் மாட்டும் சிறு கையைத் திருகி இறுக்கும் முன் சர்வோவை 90 பாகைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

தண்ணீர் பீச்சும் 12 வோல்ட் பம்புக்கு வேறு மின்வழங்கி, பலகையின் கட்டளையில் அதைப் போட்டு அணைக்க ரிலே என்ற மின்சுவிட்ச், பம்பின் இரு முனைகளுக்கும் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்). அடுத்த வீட்டுத் துணிக்கொடி இருக்கும் பக்கம் தலை திரும்பாதபடி கோண எல்லையை நிரலிலேயே வைத்துவிடுங்கள்.

கணினியில் ஓடும் நிரல் பலகையோடு யூஎஸ்பி தொடர்பைத் திறக்கும்போதெல்லாம் யூனோ ஒரு முறை மறுதொடக்கம் ஆகும். அது இயல்பு, கோளாறன்று. இரண்டு நொடி பொறுத்து முதல் கட்டளையை அனுப்புங்கள்.