ஈரானிய அறைத்தோழரைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, ரொறன்ரோவுக்கு வந்து யங் வீதிக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்மென்டில் ஈரானியர் ஒருவருடன் தங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்கிறார், விடிய விடியத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், தெரு முழுக்கத் தன் நாட்டவர் இருந்தும் எவரோடும் சேர்வதில்லை. தலைக்கனமா, ஏதும் வருத்தமா என்று கேட்டிருந்தீர்கள்.

நான் வெகுகாலமாக ஈரானியர்களோடு வேலை செய்கிறேன். நெருங்கிய நண்பர்களும் உண்டு. தலைக்கனமாக எனக்குத் தோன்றவில்லை.

சாப்பாட்டு விஷயம் சுலபமானது. முதல் தடவை உபசரித்ததும் மறுப்பது அவர்களிடம் மரியாதை. இரண்டு மூன்று தடவை வற்புறுத்துங்கள், வந்து உட்காருவார்.

தொலைபேசிதான் பெரிய கதை. 2012 செப்டம்பரில் கனடா தெஹ்ரானில் இருந்த தன் தூதரகத்தை மூடிவிட்டது. இங்கே பிள்ளையைப் பார்க்க வர விரும்பும் தாய், விசாவுக்குக் கைரேகை கொடுக்கவே வேறு நாட்டுக்குப் போக வேண்டும். பிள்ளை அங்கே போகலாம் என்றால், அகதியாக ஏற்கப்பட்டவர் தப்பி வந்த நாட்டுக்கே போய்வந்தால் அந்தப் பாதுகாப்பும் நிரந்தர வதிவிட உரிமையும் பறிபோகலாம். அதனால் பல குடும்பங்கள் துருக்கியில் சந்திக்கின்றன. ஈரானியருக்கு அங்கே விசா தேவையில்லை. ஏதோ ஒரு விடுதியில் சில நாட்கள் சேர்ந்திருந்துவிட்டு, மறுபடி எப்போது என்று தெரியாமல் பிரிகிறார்கள். என் நண்பர் ஒருவர் தகப்பனின் அடக்கத்தைத் தொலைபேசித் திரையில்தான் பார்த்தார். மறுநாள் வேலைக்கு வந்தார், அழவில்லை. வெகுநாள் கழித்து, கடையில் ஒரு முதியவர் பையைத் தூக்க முடியாமல் நின்றதைக் கண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

அந்தத் தொலைபேசித் தொடர்பும் நிச்சயமில்லாதது. 2019 நவம்பர் போராட்டத்தின்போது அரசு நாடு முழுவதும் இணையத்தைத் துண்டித்தது. 2022 செப்டம்பரில், முக்காட்டைச் சரியாக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட இளம்பெண் மாசா அமினி காவலில் இறந்து போராட்டங்கள் வெடித்தபோது முடக்கினார்கள்; 2025 ஜூனில் இஸ்ரேலுடன் 12 நாள் போர் நடந்தபோது மறுபடியும். குண்டு விழுந்த தெருவில் அக்கா இருக்கிறாளா என்று கேட்க வழியில்லாமல் இருந்தவருக்கு, தொடர்பு கிடைக்கும் நேரத்தில் எப்படித் தூக்கம் வரும்? இங்கே நள்ளிரவு என்றால் அங்கே காலை.

சொந்த மக்களை விட்டு விலகியிருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் பயம். இங்கே ஊர்வலத்தில் எடுத்த ஒரு படத்துக்காக, ஊரில் இருக்கும் தங்கையை விசாரணைக்கு அழைத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறார்கள். பழைய பகைகளும் உண்டு. 1979 புரட்சியோடு வெளியேறிய மன்னர் ஆதரவாளர்கள், 80களில் சிறைக்கும் தூக்குக்கும் தப்பிய இடதுசாரிகள், மதத்துக்காக ஒடுக்கப்பட்ட பஹாய்கள், 2009 தேர்தல் போராட்டத்துக்குப் பின் வந்த மாணவர்கள் எல்லாரும் ஒரே கடையில் ரொட்டி வாங்குகிறார்கள். ஒரே மேசையில் உட்காருவது அரிது. எல்லாருக்கும் பொதுவான துயரமும் ஒன்று உண்டு. 2020 ஜனவரி 8 அன்று, தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானத்தை ஈரானின் இராணுவப் பிரிவான புரட்சிக் காவல்படை சுட்டு வீழ்த்தி 176 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் கனடாவுக்கு வரவிருந்தவர்கள். மூன்று நாள் மறுத்த பிறகே ஈரான் ஒப்புக்கொண்டது. அந்த நாட்களில் யங் வீதியில் யாரையோ இழக்காத ஆளைக் காண்பது கடினமாக இருந்தது. ஜனவரி பிறந்தால் உங்கள் அறைத்தோழரின் முகம் வாடுவதை நீங்கள் காணக்கூடும்.

"எங்களுக்கும் இப்படித்தான்" என்று சொல்ல உங்கள் நாக்கு துடிக்கும். 2009 மே மாதம், ஈழத்தில் போரை நிறுத்தச் சொல்லி, நாம் ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்து நின்றோம். அடுத்த மாதமே, தேர்தல் முடிவை எதிர்த்தவர்களால் தெஹ்ரான் தெருக்கள் நிரம்பின. ஆனாலும் முதலில் அவர் பேசட்டும். அவருடைய துயரம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஒப்பிட்டால் அவர் வாயை மூடிக்கொள்வார்.

சிறையில் இருந்தீர்களா என்று நீங்களாகக் கேட்காதீர்கள். மார்ச் 20 அளவில் அவர்களுடைய புத்தாண்டு நவ்ரூஸ் வரும். வாழ்த்துச் சொல்லுங்கள், அன்று தனியே விடாதீர்கள். அங்கே பொறியியலாளராக இருந்தவர் இங்கே கிடங்கில் பெட்டி தூக்குபவராக இருந்தால், அந்தத் தாழ்வே அவர் மனதில் இருக்கும்; அதன்மேல் "டாக்டரைப் பாருங்கள்" என்று எடுத்த எடுப்பில் சொன்னால் நொந்துபோவார். பல வாரங்களாகத் தூக்கமோ சாப்பாடோ இல்லையென்றால், ரொறன்ரோவில் சித்திரவதைக்கு உள்ளானோருக்கான கனடிய மையம் இருக்கிறது; போரிலும் சிறையிலும் அடிபட்டு வந்தவர்களுக்கென்றே நடத்தப்படும் இடம், கூடவே போய்வாருங்கள். உயிரை விடும் பேச்சு வந்தால் மட்டும் தாமதிக்காமல் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள்.

அவருடைய தாய் எந்த ஊரில் இருக்கிறார் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள், தம்பி. பிறகு எனக்கும் எழுதுங்கள்.