முதல் வரியிலயே நின்னுட்டா?

கேள்வி: அக்கா, தினமும் கதை எழுத உட்கார்றேன், முதல் வரி சரியில்லன்னு பேப்பரக் கிழிச்சுட்டு எழுந்துடறேன். மூணு மாசமா இப்படியே போகுது.
– வாசகி, கோத்தகிரி

பதில்: கிழிக்கறத முதல்ல நிறுத்தும்மா. உங்க ஊர் தேயிலைத் தோட்டத்துல பாத்திருப்பியே, கொழுந்து பத்து நாளைக்கு ஒருவாட்டி எடுப்பாங்க, கிளைகள வெட்டி விடற கவாத்து சில வருஷத்துக்கு ஒருவாட்டிதான், நீ என்னடான்னா துளிர் விட்ட அன்னிக்கே கவாத்து பண்ணிட்டிருக்க. விடியக்காலைல ஜன்னல்ல மிஸ்ட் நிக்கும்போதே நோட்ட எடு, பேனாவாலதான் எழுதணும், பென்சில்னா அழிக்கத் தோணும், பிடிக்காத வரி வந்தா பக்கத்துல ஒரு புள்ளி வச்சுட்டு மேல போயிட்டே இரு. தினம் 150 வார்த்தைன்னா 30 நாள்ல 4500, ஒரு சிறுகதைக்குத் தாராளம்மா. எழுந்திரிக்கறப்போ வாக்கியத்தப் பாதியிலயே விட்டுடு, மறுநாள் அங்கேருந்து பிடிச்சுக்கலாம். புள்ளி வச்சதையெல்லாம் மாசக் கடைசில பாத்துக்கோ.