காலைச் சோற்றில் மட்டும் கை வைக்காதே, கண்ணு

கேள்வி: அம்மா, நான் ஏற்காடு மலைக் கிராமத்திலிருந்து வந்து சேலத்தில் பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அஸ்தம்பட்டியில் மூன்று பேர் சேர்ந்து அறை எடுத்திருக்கிறோம். காபித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் அப்பா மாதம் 5,000 ரூபாய் அனுப்புகிறார். புதுமைப் பெண் திட்டத்தில் 1,000 வருகிறது. வாடகையில் என் பங்கு 2,000, இரவு மெஸ்ஸுக்கு 1,800. மதியச் சாப்பாடு நாளுக்கு 50, ஷேர் ஆட்டோ 30. போனுக்கு 300, ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டுக்கு 300. இருபதாம் தேதிக்கு மேல் கையில் காசில்லை. காலையில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டேன். தோழி ஒரு கடன் செயலியைக் காட்டி 3,000 வாங்கிக்கொள் என்கிறாள். வாங்கலாமா?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: வாங்காதே. அந்தச் செயலி உன் போனில் இருக்கும் எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கிறதா என்று பார். கேட்டால் அப்போதே அழித்துவிடு. கடன் செயலிகள் அவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி வகுத்துவிட்டது. அதை மீறுகிறவன் நாளை உன் அப்பாவுக்குப் போன் செய்து கேவலமாகப் பேசுவான். தோழி ஏற்கெனவே வாங்கி மிரட்டலில் மாட்டியிருந்தால், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசச் சொல். வெட்கப்பட வேண்டியவள் அவள் அல்ல.

உன் கடிதத்தில் என்னை உலுக்கியது கடன் அல்ல, காலைச் சாப்பாடு. 1981-ல் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து சேலத்தின் குகைப் பகுதியில் ஓர் அறையில் தங்கிப் படித்தேன். நானும் இப்படித்தான் மிச்சம் பிடித்தேன். மூன்றாவது மாதம் வேதியியல் ஆய்வகத்தில் ப்யூரெட்டைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தேன். கண் விழித்தபோது ஆசிரியை என் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்ற அந்த ஒரு கேள்விக்கு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

செய்தி ஊருக்குப் போனது. அம்மா திட்டவில்லை. மறுவாரத்திலிருந்து வாரம் இரண்டு முறை பஸ்ஸில் தூக்குவாளி வந்தது. கண்டக்டர் தன் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டுவார். அவித்த மரவள்ளிக்கிழங்கு, மூடிக்குள் வாழையிலையில் மடித்த நிலக்கடலைத் துவையல். கிழங்கு ஆறிப்போய்த் தோல் வெடித்திருக்கும். படியிலேயே உட்கார்ந்து ஒரு துண்டு தின்றுவிட்டுத்தான் அறைக்கு நடப்பேன். வீட்டுக்கு உண்மையைச் சொன்னால் அவர்கள் உடைந்துபோவார்கள் என்று மூன்று மாதம் நினைத்திருந்தேன். சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு வந்தது.

இனி உன் கணக்கு. கல்லூரி நாட்கள் 22 என்று வைத்தால் மதியத்துக்கு 1,100, ஆட்டோவுக்கு 660. மொத்தம் 6,160. வருவதோ 6,000. காலைச் சாப்பாடும் சோப்பும் ஊருக்குப் போகும் டிக்கெட்டும் இதில் இல்லவே இல்லை. நீ ஊதாரி இல்லை, கண்ணு. தொகையே பொருந்தவில்லை.

முதலில் ஆட்டோவை விடு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் காசு கிடையாது. கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து இரவு மெஸ். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டு, மூவரும் ஆளுக்கு 600 போட்டு ஒரு மின்சார குக்கர் வாங்குங்கள். கரண்ட் செலவு கொஞ்சம் கூடும், தாங்கலாம். ரேஷன் அரிசி வீட்டில் மீந்தால் ஊருக்குப் போகும்போது ஐந்து கிலோ கட்டிக்கொண்டு வா. உங்கள் மலை மிளகும் சௌசௌவும் கூடவே வரட்டும். பருப்பு, புளி, மிளகாயை மாதத்துக்கு ஒருமுறை செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் வாங்குங்கள். காய்கறிக்கு உழவர் சந்தை இருக்கிறது, காலையிலேயே போய்விட வேண்டும். என் கணக்கில் ஆளுக்கு 1,000 ரூபாய்க்குள் இரவுச் சாப்பாடு முடியும். இரண்டையும் சேர்த்தால் 1,460 மிச்சம்.

இரவில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டு, மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வை. காலையில் மோரும் நான்கு சின்ன வெங்காயமும் போதும். தோழிகள் சிரித்தால் அவர்களுக்கும் ஒரு கிண்ணம் கொடு. கையே ஓடாத நாளில் அம்மா உணவகத்துக்குப் போ. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். அங்கே வரிசையில் நிற்பதில் குறைச்சல் எதுவும் இல்லை.

அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழோடு அரசு மாணவியர் விடுதிக்கு விண்ணப்பம் போடு. இடம் கிடைத்தால் தங்குவதும் சாப்பாடும் இலவசம், உன் செலவில் பெரும்பகுதி அதிலேயே குறைந்துவிடும். அதற்கெல்லாம் முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் இதே கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டு. கூடுதல் பணம் கேட்க அல்ல. காலையில் நீ சாப்பிடுவதில்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: நாங்கள் தறி ஓட்டுகிறவர்கள். மகன் கோவையில் விடுதியில் படிக்கிறான். பணத்தை மாத ஆரம்பத்தில் மொத்தமாக அனுப்புவதா, வாராவாரம் அனுப்புவதா?
- ஒரு தாய், அம்மாபேட்டை

பதில்: விடுதிக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிடுங்கள். கைச்செலவை முதல் ஆண்டு மட்டும் திங்கள்தோறும் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் சனி, ஞாயிறிலேயே பாதி கரைந்துவிடும். 'எதற்குச் செலவழித்தாய்' என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் கேட்காதீர்கள், மறைக்கப் பழகிவிடுவான். 'சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய்' என்று கேளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அவன் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. 2024 ஆகஸ்டிலிருந்து கொடுக்கிறார்கள். இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நாளையே கல்லூரி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.